ரெஜினாவுக்கு மறக்கத் தெரியாது

இந்த வேலைக்கு வந்த புதிதில் என் கையில் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது. "மறந்துருங்க." மாமியார் பேசியது மனசில் நிற்கிறது என்று ஒருத்தி வந்தால் மறந்துருங்க. மச்சான் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று ஒருவர் வந்தால் மறந்துருங்க. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டதாக டீ குடிக்கப் போவேன்.

நம் குடும்ப ஆலோசனை மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும், "உங்க அனுபவத்துல இருந்து ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டீர்கள். எப்படி உட்கார வேண்டும், எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நீங்கள் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் எங்கெங்கே சறுக்கினேன் என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை. அதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

மறந்துருங்க என்று நான் அவ்வளவு தைரியமாகச் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்தில் தனக்கு மட்டும் ஈரல் வைக்கவில்லை என்பது கணவரின் புகார். வைத்தேன், நீங்கள்தான் வேண்டாம் என்று ஒதுக்கினீர்கள் என்பது மனைவியின் கட்சி. ஒன்பது வருஷமாக அந்த ஈரல் அவர்கள் வீட்டில் வெந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் சத்தியம் பண்ணத் தயார். மூன்றாவது தடவை வந்தபோது துணைக்கு வந்திருந்த மாமியார், அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், எட்டிப் பார்த்து, அன்றைக்குத் தான் சமைத்தது மீன் குழம்பு என்றார்.

அதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். யாரும் பொய் சொல்வதில்லை, ஆனால் யாருக்கும் சரியாக ஞாபகமும் இல்லை. ஆகவே நடந்தது என்ன என்று தோண்டாதே, மறக்கச் சொல்லி அனுப்பு. இந்த முடிவோடு இருபது வருஷம் சௌகரியமாக ஓட்டினேன். பிறகு ரெஜினா வந்தார்.

ரெஜினாவும் அவர் கணவர் அருளப்பனும் சிறுமலைக்காரர்கள். அருளப்பனுக்கு அங்கே வாழைத் தோட்டம், கொஞ்சம் மிளகுக் கொடி. சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்து, பழத்தைத் தானே கேரளா வரைக்கும் கொண்டுபோய் இறக்குவார். ரெஜினா மலையிலேயே ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒரே மகள் திருச்சியில் விடுதியில் தங்கி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக ரெஜினா மலைக்குக் கீழே டவுனில், நாகல் நகரில், அண்ணன் வீட்டில் இருந்தார். காலை பஸ் ஏறி மலைக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவார். பஸ் கடக்கிற நேரம் பார்த்து அருளப்பன் தோட்டத்து ஓரத்தில் நிற்பாராம். இவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பாராம். இரண்டு பேரும் தலையைத் திருப்பிக்கொள்வார்களாம். இந்தக் கூத்தைப் பார்க்கப் பொறுக்காமல் பங்குச் சாமியார் அவர்களை எங்களிடம் அனுப்பி வைத்தார்.

முதல் நாள் அருளப்பன்தான் முதலில் பேசினார். ஆறடி ஆள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பொண்டாட்டியோட இருக்கிற மாதிரியே இல்ல மேடம். போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கிற மாதிரி இருக்கு. வாயத் தொறந்தா தேதி. இன்ன வருஷம், இன்ன கெழம, இன்ன சட்ட போட்டுக்கிட்டு நீங்க இப்பிடிச் சொன்னீங்கன்னு. நான் நேத்து என்ன சட்ட போட்டேன்னு எனக்கே தெரியாது."

ரெஜினாவிடம் திரும்பினேன். இவர் செய்த எதையும் பற்றித் தனக்குப் புகார் இல்லை என்றார். செய்ததை, சொன்னதை எடுத்துச் சொன்னால், நடக்கவே இல்லை என்று சாதிப்பதுதான் தாங்க முடியவில்லை என்றார். கன்னிவாடியில் அருளப்பனின் அக்கா வீட்டில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. யாரோ பேச்சுவாக்கில், அருளப்பன் தன் மகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறான் என்று புகழ்ந்திருக்கிறார்கள். ரெஜினா சிரித்துக்கொண்டே, இப்போதுதான் இப்படி, அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று "பொட்டப் புள்ளயா" என்று கேட்டுவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் மலைக்குப் போனவர், இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார் என்று சொல்லிவிட்டார். அருளப்பன் இலை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், "இவ சொல்றதுல பாதி கட்டுக்கதை. அப்பப்ப இப்பிடித்தான் எதையாச்சும் கட்டிவிடுவா" என்றார். ரெஜினா கை கழுவிக்கொண்டு, அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனவர்தான்.

நான் என் மருந்தை எடுத்தேன். பழசையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டே இருந்தால் குடும்பம் நடக்காது, மறந்துருங்க என்றேன்.

ரெஜினா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. நிஜமாகவே ஏதோ கற்றுக்கொள்ள வந்தவர் மாதிரி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எப்பிடின்னு சொல்லிக் குடுங்க மேடம். மறந்துர்றேன்."

யோசித்துப் பாருங்கள், இருபது வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லியும், எப்படி மறப்பது என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கும் தெரியாது. நாமெல்லாம் மறப்பதில்லை, நம்மை விட்டு அது தானாகப் போய்விடுகிறது. ரெஜினாவை விட்டு எதுவும் போவதில்லை. நாலாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்து எந்த நாளைக் கேட்டாலும் சொல்வேன் என்றார். கேட்காவிட்டாலும் அதுவாக வந்து நிற்கும் என்றார்.

நான் நம்பவில்லை. ஈரல் தம்பதி என் கண் முன்னால் வந்து போனார்கள். சோதித்துவிடுவோம் என்று, எனக்கு மறக்கவே முடியாத ஒரு நாளின் தேதியைச் சொன்னேன். என் மகளின் நிக்காஹ் நடந்த நாள். அது என்ன நாள் என்று அவருக்குச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம" என்றார் உடனே. "காலைல பூசைக்குப் போய்ட்டு வந்து துணி தொவச்சேன். மூணு மணிக்கு மேல பேய் மழை. மலைப்பாதையில மரம் விழுந்து, கீழ போன பஸ்ஸு திரும்பி வந்துருச்சு. தொவச்ச துணி அம்புட்டும் நனஞ்சு போச்சு."

அதே மூன்று மணி மழையில்தான் கீழே எங்கள் பந்தலுக்குள் தண்ணீர் புகுந்து, என் வீட்டுக்காரர் பிரியாணி அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த தடவை என் பழைய டைரிகளைக் கொண்டுவந்து இன்னும் நாலைந்து நாள் கேட்டேன். கிழமை தப்பவில்லை, மழை தப்பவில்லை. எங்கள் டைப்பிஸ்ட், தான் வேலைக்குச் சேர்ந்த நாளில் ரெஜினா என்ன செய்தார் என்று கேட்டுவிட்டுப் போனார். வாட்ச்மேன், தன் ஜாதகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே ரெஜினா தன் குடையை எங்கள் மையத்தில் மூன்று தடவை மறந்து வைத்துவிட்டுப் போனார். மகளின் போன் நம்பரைப் பார்க்காமல் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளுக்கு எப்போதும் அடி வாங்கியவராம்.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு மனநல மருத்துவரிடம் போனில் கேட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இது நோய் இல்லை, மிகச் சிலருக்கு இப்படி அமைந்துவிடுகிறது, தங்கள் சொந்த வாழ்க்கையில் நடந்தது மட்டும்தான் அப்படியே நிற்கும், மற்ற விஷயங்களில் அவர்களும் நம்மைப் போலத்தான் என்றார். சந்தோஷமும் அப்படியே நிற்கும், அவமானமும் அப்படியே நிற்கும் என்றும் சொன்னார்.

சந்தோஷம் என்று அவர் சொன்னதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தால் ஒரு நாள் ஆறப் போடுங்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். நான் போடவில்லை. அடுத்த சந்திப்பில் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இவர் உங்களைச் சந்தோஷப்படுத்திய ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் வேளாங்கண்ணிக்குப் போன நாளைச் சொன்னார். கடற்கரையில் ரெஜினாவின் செருப்பு அலையில் போய்விட்டது. உச்சி வெயில், மணல் கொதிக்கிறது. அருளப்பன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் குதித்துக் குதித்து ஓடினாராம். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்களாம். சொல்லும்போதே ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருளப்பன் முகம் மலர்ந்து, "நானா, நானா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளுக்குள் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

"அப்பறம் சாயங்காலம் லாட்ஜுக்கு வந்தோம்" என்றார் ரெஜினா. "திரும்பிப் போற டிக்கெட்டக் காணோம்னு, மேனேஜர் நிக்கையில என்னைய நாயேன்னீங்க. டிக்கெட்டு உங்க பையிலதான் இருந்துச்சு."

"அது வேண்டாம் ரெஜினா, மத்தியானத்தோட நிறுத்திக்குங்க" என்றேன் அவசரமாக.

"மத்தியானத்தோட எப்பிடி மேடம் நிக்கும்? நாள்னா சாயங்காலமும் வரும்ல?"

அவர் வம்புக்குச் சொல்லவில்லை. நமக்கு நல்லது தனியாக, கெட்டது தனியாக எடுத்து வைக்க முடிகிறது. அவருக்கு ஒரு நாள் என்றால் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் ஒரே துண்டு. அருளப்பன் மறுபடியும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அப்படி ஒரு சொல்லைத் தான் சொல்லவே இல்லை என்றார்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் இருந்தார், மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார், ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். இது கோர்ட் இல்லை, இங்கே சாட்சி கூப்பிடாதே என்பார். ரெஜினா சொல்வதெல்லாம் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்ட பிறகு, அந்த ஆள் இல்லை இல்லை என்று சொல்வதைக் கேட்க எனக்கே எரிச்சலாக இருந்தது. மகள் பிறந்த அன்றைக்கு அவர் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாரா என்று கேட்டேன். இருந்தார் என்றார் ரெஜினா. கன்னிவாடிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

அருளப்பன் அன்றைக்கு அப்படிக் கேட்டாரா என்று அக்காவிடம் கேட்டேன். "ஆமா, கேட்டான். அப்பிடியே மலைக்கும் போயிட்டான். நான்தான் ஆள் விட்டுத் திட்டி வரவழச்சேன். விருந்தன்னைக்கு நாலு பேரு முன்னால தம்பிய விட்டுக் குடுக்க வேணாமேன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார்.

நான் அருளப்பனைப் பார்த்தேன். ஜெயித்துவிட்ட முகத்தோடுதான் பார்த்திருப்பேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ரெஜினா அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த வெற்றி வேண்டியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அருளப்பன் எழுந்தார். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே போய்விட்டார். மகள் மேல் உயிரை வைத்திருக்கும் ஒரு மனுஷனிடம், நீ அவளை வேண்டாம் என்று நினைத்த ஆள் என்று சாட்சியோடு நிரூபித்து அனுப்பியிருந்தேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ரெஜினா மட்டும் வந்து, தோட்டத்து ஓரத்திலும் அவரைக் காணோம் என்றார். திருச்சியிலிருந்து மகள் எனக்கே போன் செய்து, அப்பா போனையே எடுக்க மாட்டேங்கிறார், என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், ஏன் என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலை அஞ்சு நிமிஷத்தில் மறந்து, மறுபடியும் ஏன் என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மையத்தைத் திறக்கும்போதே அருளப்பன் வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு மலைவாழை. மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மகள் விஷயத்துக்கு என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று காத்திருந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் தாயார் இறந்ததைச் சொன்னார். அப்போது அவர் ஆலப்புழைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தது ரெஜினா ஒருத்திதான். அந்த நாளைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் ரெஜினாவிடம் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்றேன்.

வாழைச் சீப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கு விடிகாலையிலேயே லோடு இறக்கியாகிவிட்டது. உடனே கிளம்பியிருந்தால் வந்திருக்கலாம். கூட இருந்த சினேகிதர்கள் கூப்பிட்டார்கள் என்று படகில் ஏறி ஊர் சுற்றினார். போன் அடிப்பது கேட்கவில்லை. வண்டி ரிப்பேர் என்று வீட்டில் சொல்லிவிட்டார். அம்மா தன்னைத் தேடித் தேடிச் செத்துப்போயிருப்பாளோ என்று பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அவகிட்டக் கேட்டா உள்ளது உள்ளபடி சொல்லிருவா மேடம். அதான் கேக்கல. அவ சொல்றது பொய்யின்னு எனக்கு என்னைக்குமே தோணுனதில்ல. நெசமா இருந்துருமோன்னுதான் பயம்."

அத்தனை பேர் முன்னால் அவளைப் பொய்க்காரி என்ற அதே ஆள்தான் உலகத்தில் வேறு யாரையும்விட அவளை நம்பினார். புத்தி இருந்திருந்தால் முதல் நாளே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் வரச் சொன்னேன். ரெஜினா முன்னதாக வந்தார். அவரை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டு, அருளப்பன் என்ன கேட்கப் போகிறார் என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் மாமியார் ஏதாவது கடுமையாகப் பேசியிருந்தால் அதை விட்டுவிடுங்கள், மகனைக் கேட்டார், ஆசீர்வாதம் சொன்னார் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் தப்பில்லை என்றும் சொன்னேன். அப்போதும் என் கை மருந்துப் பெட்டிக்குத்தான் போயிருக்கிறது, பாருங்கள்.

"இத்தன நாளும் அவரு கேக்கல, நானும் சொல்லல" என்றார் ரெஜினா. "கேட்டா, நடந்ததச் சொல்வேன். இல்லாதத என்னால சேக்க முடியாது மேடம். அப்பறம் எனக்கே எது நெசம்னு கொழம்பிரும். எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

உள்ளே போனோம். அருளப்பன் நேரடியாகக் கேட்டுவிட்டார். "அம்மா போன அன்னைக்கு என்ன நடந்துச்சு, முழுசாச் சொல்லு."

ரெஜினா சொல்லத் தொடங்கினார். தவக்காலம் தொடங்கி முதல் வெள்ளிக்கிழமை. விடியற்காலையிலேயே அத்தைக்கு இருமல். வெந்நீர் கேட்டார். கொடுத்ததும், புகை நாற்றம் அடிக்கிறது என்று கீழே வைத்துவிட்டார். கஞ்சி இரண்டு வாய் குடித்துவிட்டு, இத்தனை வருஷமாகியும் உப்புப் போடத் தெரியவில்லை என்றார். பாயில் காயப் போட்டிருந்த மிளகைக் கிளறிவிடச் சொன்னார். கிளறிவிட்டால், அப்படி இல்லை என்று படுத்தபடியே கையைக் காட்டினார். மத்தியானம் சாமியார் வந்து செபம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும், இந்தச் சாமியார் ரொம்ப வேகமாகச் சொல்கிறார், ஒன்றும் விளங்கவில்லை என்றார்.

அருளப்பனின் உதடு லேசாகக் கோணியது. அழப் போகிறாரா சிரிக்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னையத் தேடுனாங்களா?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு நொடி இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று குறுக்கே புகுந்திருக்கலாம். பேச்சை மாற்றியிருக்கலாம். ரெஜினாவுக்குக் கண்ணைக் காட்டியிருக்கலாம். எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறேன். அன்றைக்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். என் முப்பது வருஷ வேலையில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"தேடல" என்றார் ரெஜினா. "மத்தியானம் ஒரு தடவ, எங்க அவன்னு கேட்டாங்க. ஆலப்புழைன்னேன். வந்தா மட்டும் என்னா, செருப்போட உள்ள வருவான்னாங்க. அப்பறம் கேக்கல. பொழுது சாயுறப்ப, கோழிய அடச்சியான்னாங்க. அடச்சாச்சு அத்தைன்னேன். சரின்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாங்க. அம்புட்டுத்தான்."

அருளப்பன் சிரித்தார். சத்தமாக, தோள் குலுங்கச் சிரித்தார். "அம்மாதான்" என்றார். "எங்கம்மாவேதான்." சிரித்துக்கொண்டே இருந்தவர் அழத் தொடங்கினார். எப்போது ஒன்று நின்று மற்றது தொடங்கியது என்று சொல்ல முடியாது.

நான் சொல்லிக்கொடுத்தபடி ரெஜினா ஆசீர்வாதம் ஒன்றைச் சேர்த்திருந்தால் அந்த ஆள் ஒரு வார்த்தையைக்கூட நம்பியிருக்க மாட்டார். அவருக்குத் தன் தாயைத் தெரியும்.

கொஞ்சம் அடங்கியதும், தான் அன்றைக்கு எங்கே இருந்தேன் என்று ரெஜினாவிடம் சொல்ல வாயெடுத்தார். வண்டி ரிப்பேர் இல்லை என்பது வரைக்கும்தான் வந்தது.

"தெரியும்" என்றார் ரெஜினா. "மறுநாள் சட்டையத் தொவைக்க எடுத்தேன். பையில படகு டிக்கெட்டு இருந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்."

அருளப்பன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தன சண்டையில ஒரு தடவகூட நீ அதச் சொல்லலையே."

"அதச் சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க."

வாயைத் திறந்தால் தேதி என்று அவர் புகார் சொன்ன பெண், எல்லாவற்றையும்விட வலிக்கக்கூடிய ஒரு தேதியை மட்டும் பதினோரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தார். மறக்க முடியாதவர் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று நமக்குத் தெரியாது. நாம் பாதியை மறந்துவிட்டுப் பொறுமைசாலி என்று பெயர் வாங்குகிறவர்கள்.

அதன் பிறகு நான் செய்ய வேண்டியிருந்தது சின்ன வேலைதான். "நடக்கவே இல்ல" என்று சொல்லும் இடத்தில் "எனக்கு நெனப்பில்ல" என்று சொல்ல அருளப்பனைப் பழக்கினேன். மூன்று நாலு சந்திப்பு ஆனது. வேளாங்கண்ணி மேனேஜர் விவகாரத்தைச் சொன்னபோது, பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு நெனப்பில்ல. நீ சொல்றதால சொல்லியிருப்பேன். தப்புத்தான்" என்றார். ரெஜினா அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் தானாகவே கன்னிவாடிக்குப் போய், அதே அக்கா வீட்டில், விருந்துக்கு வந்திருந்த உறவில் எத்தனை பேரைக் கூட்ட முடியுமோ அத்தனை பேரையும் கூட்டி, அன்றைக்குத் தான் சொன்னதுதான் கட்டுக்கதை என்று சொல்லியிருக்கிறார். அன்று என்ன குழம்பு, என்ன வெஞ்சனம், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், அவர் எந்த வார்த்தையில் திக்கினார் என்பது வரை ரெஜினா எனக்கு ஒப்பித்தார். மகளிடம் அருளப்பன் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமும் இல்லை.

சண்டை நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போன மாதம்கூடப் போனில், இவரு திருந்தல மேடம் என்று ஆரம்பித்தார் ரெஜினா. ஆனால் மலையிலிருந்துதான் பேசினார். பின்னால் அருளப்பன், "அத எதுக்கு அவங்ககிட்டச் சொல்ற" என்பது கேட்டது.

நீங்கள் என்னைவிடப் படித்தவர்கள், ஆகவே ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு உண்மையைத் தாங்க முடியாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும், தாங்க முடியாமல் பதறுவது நாம்தான்.

இரண்டு பேரையும் வரச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேலை முடிந்து பேருந்து நிலையத்துக்கு வந்தேன். சிறுமலை பஸ் நிற்கும் இடத்தில் இருவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அருளப்பன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், நடுவில் ஏதோ கேட்டார், ரெஜினா மறுபடியும் தொடங்கினார். கல்யாணத்துக்குப் பிறகு அத்தையோடு கழித்த நாட்கள் எத்தனை இருந்திருக்கும், அத்தனையும் ரெஜினாவிடம் இருந்தன. அவர்களுக்கு நாலு அடி தள்ளி சிறுமலை பஸ் நின்றது. கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லிக் கத்தினார், இரண்டு தடவை விசில் அடித்தார். பஸ் நகர்ந்து, திரும்பி, சாலைக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆகும். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு என் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.